எங்கள் வளவுக்குள் இருக்கும் கணக்கு: சாதாரண தரத்தின் சார்பும் கேத்திரகணிதமும்

சிறுபோகம் தொடங்கும் முன்னர் அக்கராயன் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு வரும்போது முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? அந்தப் பதிலைப் பொறுத்தே இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தீர்மானமாகும். நீர்மட்டம் கூடினால் ஏக்கர் கூடும், குறைந்தால் குறையும். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கு ஏற்ற இன்னோர் எண் கிடைக்கிறது. தரம் 10, 11 கணிதப் பாடநூல் இதைத்தான் ‘சார்பு’ என்று சொல்கிறது.

கூட்டத்தில் இருந்து எழுந்து வரும் அதே தகப்பனிடம் இரவு பிள்ளை பயிற்சிக் கொப்பியை நீட்டினால், “எனக்கு இதெல்லாம் விளங்காது, ரீச்சரிட்டைக் கேள்” என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கிறது. வன்னியில் இதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்பும் வயதில் இருக்கும் தாய் தகப்பனில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய ஆண்டுகளை இடப்பெயர்வில் கழித்தவர்கள். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வோடு வன்னிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2008 இறுதியில் சண்டை அக்கராயனுக்கு வந்தபோது வீட்டையும் வயலையும் விட்டுக் கிழக்கே போய், 2009 மே வரை பதுங்குகுழிகளுக்குள் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஒகஸ்ரில் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதியவர்களும் இருக்கிறார்கள். விடுபட்ட வகுப்புகளில் அதிகம் பாதிக்கப்பட்ட பாடம் கணிதம். வரலாற்றில் ஒரு பாடம் விடுபட்டால் அடுத்ததைப் படிக்கலாம். கணிதத்தில் ஒரு படி விடுபட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது.

விளைவு பிள்ளையின் மேல் விழுகிறது. உயர்தரத்துக்குப் போவதற்கும், பெரும்பாலான அரச வேலைகளுக்கு விண்ணப்பிப்பதற்கும் சாதாரண தரத்தில் கணிதச் சித்தி கேட்கப்படுகிறது. மற்றப் பாடங்களில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகூட இந்த ஒரு பாடத்தால் நின்றுவிடுகிறது. நகரத்தில் ஒரு ரியூசன் சரிவராவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம். முறிகண்டிக்கு மேற்கே உள்ள கிராமத்தில் அந்த வசதி அவ்வளவு இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரை பிள்ளைக்கும், பிள்ளையோடு இருந்து படிக்க விரும்பும் தாய் தகப்பனுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது. சார்பு, வரைபு, கேத்திரகணிதம் ஆகியவற்றில் அடிக்கடி வரும் சில வகைக் கணக்குகளை எங்கள் வளவில் உள்ள பொருட்களைக் கொண்டே செய்து பார்ப்போம். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

முதலில் ஓர் எழுத்துப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். பாடநூலில் எக்ஸ், வை என்ற எழுத்துகள் வரும். அவற்றைக் கண்டவுடன் பயப்படுபவர்கள் உண்டு. இங்கே தமிழ் எழுத்துகளை வைப்போம். அகலத்துக்கு ‘அ’, பரப்புக்கு ‘ப’. எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு மாறாது. எழுத்து என்பது இன்னும் தெரியாத ஓர் எண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர், அவ்வளவுதான்.

நேர்கோடாகப் போகும் சார்பு

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பம்பி வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒருவர் பம்பியைக் கொண்டுவந்து பூட்டுவதற்கு 600 ரூபாவும், பிறகு மணித்தியாலத்துக்கு 250 ரூபாவும் கேட்கிறார். இன்னொருவர் பூட்டுக்கூலி எதுவும் கேட்கவில்லை, ஆனால் மணித்தியாலத்துக்கு 400 ரூபா. யாரிடம் எடுப்பது? (இவை உதாரணத் தொகைகள்.)

நேரத்தை ‘நே’ என்றும் செலவைச் ‘செ’ என்றும் வைப்போம்.

முதலாமவர்: செ = 250நே + 600
இரண்டாமவர்: செ = 400நே

இரண்டையும் வரைபுத்தாளில் வரைந்தால் இரண்டு நேர்கோடுகள் வரும். 250, 400 என்பவை கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைச் சொல்கின்றன. இதுவே படித்திறன். 600 என்பது பம்பி ஓடத் தொடங்கும் முன்னரே கொடுக்க வேண்டிய காசு. வரைபில் அது கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம், அதாவது வெட்டுத்துண்டு. இரண்டாமவரின் கோடு உற்பத்திப் புள்ளியில் இருந்தே தொடங்கும்.

இரண்டு பேருக்கும் ஒரே செலவு வரும் இடம் எது?

250நே + 600 = 400நே
600 = 150நே
நே = 4

நான்கு மணித்தியாலத்துக்கு இருவருக்கும் 1600 ரூபாதான். அதற்குக் குறைவாக இறைத்தால் இரண்டாமவர் மலிவு, கூடுதலாக இறைத்தால் முதலாமவர் மலிவு. இந்த 4 என்ற எண் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் இருந்து வருகிறது. பரீட்சையில் ‘இரண்டு வரைபுகளும் வெட்டும் புள்ளியின் ஆள்கூறுகளைக் காண்க’ என்று கேட்டால் அங்கே (4, 1600) என்று எழுத வேண்டும். சந்தையில் அதே கேள்வி ‘எங்கே எடுத்தால் லாபம்?’ என்று வரும்.

எல்லாச் சார்பும் நேர்கோடாக இருக்காது. குளத்தையே எடுங்கள். குளம் ஒரு தட்டைச் சட்டி மாதிரி, அடியில் ஒடுங்கி மேலே விரிந்திருக்கிறது. அடியில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரை விட, மேலே ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் பல மடங்கு அதிகம். அதனால்தான் நீர்மட்டம் பாதியாகும்போது தண்ணீர் பாதிக்கும் மிகக் குறைவாகிவிடுகிறது. வயல் செய்யும் எவருக்கும் இது அனுபவத்தில் தெரியும். கணிதத்தில் சொன்னால், அந்த வரைபு நேர்கோடல்ல, வளைகோடு.

வளைந்து திரும்பும் சார்பு: கட்டாக்காலி மாடும் 40 மீற்றர் வலையும்

கட்டாக்காலி மாடுகளில் இருந்து மரக்கறித் தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். கையில் 40 மீற்றர் கம்பி வலை இருக்கிறது. வளவின் ஒரு பக்கம் ஏற்கெனவே மதில். மதிலை ஒரு பக்கமாக வைத்து மற்ற மூன்று பக்கத்துக்கும் வலை அடித்துச் செவ்வகத் தோட்டம் அமைத்தால், ஆகக்கூடிய பரப்பு எவ்வளவு?

படம் வரைவதுதான் முதல் வேலை. படமில்லாமல் இந்தக் கணக்கைத் தொட வேண்டாம். மதிலுக்குச் செங்குத்தாக இரண்டு பக்கங்கள், ஒவ்வொன்றும் ‘அ’ மீற்றர். இரண்டுக்கும் போனது 2அ. மிஞ்சியது 40 − 2அ. அதுதான் மதிலுக்கு எதிர்ப்பக்கத்தின் நீளம். ஆகவே

ப = அ(40 − 2அ) = 40அ − 2அ²

‘அ’வின் மேல் 2 வந்துவிட்டது. இது இருபடிச் சார்பு. இப்போது ‘அ’வுக்குச் சில பெறுமானங்களைக் கொடுத்து அட்டவணை போடுவோம்.

அ = 0 எனின் ப = 0
அ = 2 எனின் ப = 72
அ = 5 எனின் ப = 150
அ = 8 எனின் ப = 192
அ = 10 எனின் ப = 200
அ = 12 எனின் ப = 192
அ = 15 எனின் ப = 150
அ = 18 எனின் ப = 72
அ = 20 எனின் ப = 0

மேலிருந்து கீழே வாசியுங்கள், பிறகு கீழிருந்து மேலே வாசியுங்கள். ஒரே எண்கள். 10ஐ நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பது போல் இருக்கின்றன. அ = 10 என்ற கோடுதான் இந்த வரைபின் சமச்சீர் அச்சு. (10, 200) என்பது திரும்பற் புள்ளி. அதுவரை ஏறி வந்த வளைகோடு அந்த இடத்தில் திரும்பி இறங்குகிறது. ஆகவே அகலம் 10 மீற்றர், நீளம் 20 மீற்றர், ஆகக்கூடிய பரப்பு 200 சதுர மீற்றர்.

இந்த அட்டவணை பரீட்சையில் பெரிய உதவி. இருபடிச் சார்பின் வினாவில் வழக்கமாக ஒரு பெறுமானம் விடுபட்டிருக்கும். அதைப் பிரதியிட்டுக் கண்டபின், சமச்சீராக மறுபக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை. அநேகமாக அது மறைக் குறியில் விட்ட பிழையாக இருக்கும். ‘−2அ²’ என்றால் முதலில் வர்க்கம், பிறகு 2ஆல் பெருக்கல், கடைசியாக மறைக் குறி. இந்த ஒழுங்கை மாற்றிச் செய்வதால் போகும் புள்ளிகள் ஏராளம்.

வரைபு வரையாமலே உயர்வுப் பெறுமானத்தைக் காணவும் வழி உண்டு. வர்க்கப் பூர்த்தி செய்தால்

ப = 200 − 2(அ − 10)²

என்று வரும். ஓர் எண்ணின் வர்க்கம் ஒருபோதும் மறையாகாது. ஆகவே 200இல் இருந்து ஏதோ ஒன்று கழிபடும், அல்லது ஒன்றும் கழிபடாது. ஒன்றும் கழிபடாமல் இருக்க அ = 10 ஆக வேண்டும். 200க்கு மேல் போகவே முடியாது என்பதற்கு இதுவே நிறுவல். அட்டவணையில் ஒன்பது பெறுமானங்களைத்தான் பார்த்தோம். இந்த ஒரு வரி எல்லாப் பெறுமானங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறது.

அடுத்து வரும் கேள்வி: பரப்பு 168 சதுர மீற்றர் ஆக வேண்டுமானால் அகலம் எவ்வளவு?

200 − 2(அ − 10)² = 168
2(அ − 10)² = 32
(அ − 10)² = 16
அ − 10 = 4 அல்லது −4
அ = 14 அல்லது 6

இரண்டு விடையும் சரி. 14க்கு 12, அல்லது 6க்கு 28. இரண்டும் 168தான். ‘−4’ஐ மறந்து ஒரு விடையோடு நிறுத்திவிடும் பிள்ளைகள் பலர். வரைபில் 168 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டால் அது வளைகோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். எத்தனை விடை வரவேண்டும் என்பதை வரைபே முன்கூட்டிச் சொல்லிவிடும். 210 சதுர மீற்றர் வேண்டும் என்று ஒருவர் கேட்டால்? கிடைக்கோடு வளைகோட்டுக்கு மேலால் போய்விடும். இன்னும் வலை வாங்காமல் அது நடக்காது.

மேசனின் நூலும் பைதகரசும்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும் பகுதி பயனாளிகள் தாங்களே நின்று கட்டியவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. மேசன் பிடிப்பதும் சாமான் வாங்குவதும் குடும்பத்தின் பொறுப்பு. ஆகவே அத்திவாரம் வெட்டும் நாளில் மேசன் நூல் கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எங்களில் பலர்.

அவர் என்ன செய்தார்? ஒரு மூலையில் இருந்து ஒரு நூலில் 3 அடியிலும் மற்ற நூலில் 4 அடியிலும் அடையாளம் வைத்தார். இரண்டு அடையாளத்துக்கும் இடையில் சரியாக 5 அடி வரும்வரை நூலை அசைத்தார். 5 அடி வந்ததும் “மூலை சரி” என்றார்.

3 × 3 = 9
4 × 4 = 16
5 × 5 = 25
9 + 16 = 25

பைதகரசின் தேற்றம் சொல்வது: செங்கோண முக்கோணியின் செம்பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். மேசன் பாவித்தது இதன் மறுதலையை. பக்கங்கள் இப்படிப் பொருந்தினால் அந்தக் கோணம் செங்கோணமாகத்தான் இருக்க வேண்டும் என்பது மறுதலை. தேற்றத்துக்கும் மறுதலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த அத்திவாரத்தை விட நல்ல இடம் கிடையாது. தேற்றத்தில் செங்கோணம் ஏற்கெனவே இருக்கிறது, நீளத்தைத் தேடுகிறோம். மறுதலையில் நீளம் இருக்கிறது, செங்கோணத்தைத் தேடுகிறோம்.

பிறகு மேசன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்திருப்பார். 12 அடிக்கு 9 அடி அறை என்றால் 144 + 81 = 225, அதன் வர்க்கமூலம் 15. இரண்டு மூலைவிட்டமும் 15 அடி வர வேண்டும். மூலைவிட்டங்கள் சமன் என்பது மட்டும் போதாது. சில சரிவகங்களிலும் மூலைவிட்டங்கள் சமனாக வரும். எதிர்ப்பக்கங்களும் சமனாக இருக்கும்போது மூலைவிட்டங்கள் சமனானால்தான் அது செவ்வகம். ‘இணைகரம் ஒன்றின் மூலைவிட்டங்கள் சமனெனின் அது செவ்வகம் ஆகும்’ என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றும் ஒரு செய்தியைச் சோதித்துப் பார்க்கலாம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம், நீளமான பக்கத்தின் எட்டில் ஏழு பங்கையும் குறுகிய பக்கத்தின் பாதியையும் கூட்டினால் செம்பக்கம் வந்துவிடும், இது பழந்தமிழர் கண்ட வழி என்று அது சொல்கிறது. 12க்கு 9 அறையில் போட்டுப் பார்ப்போம். 12இன் எட்டில் ஏழு 10.5. 9இன் பாதி 4.5. கூட்டினால் 15. சரி. 12க்கு 5 என்றால் 10.5 + 2.5 = 13. அதுவும் சரி. இத்தோடு நிறுத்தினால் நம்பிவிடுவோம். 10க்கு 10 அறையில் பாருங்கள். 8.75 + 5 = 13.75 அடி. உண்மையான செம்பக்கம் 200இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 14.14 அடி. நாலரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். இந்த அளவில் மூலை பிடித்தால் சுவர் கோணலாகத்தான் எழும்பும்.

அந்த வழி பயனற்றது என்று சொல்ல வரவில்லை. மனக்கணக்கில் ஒரு கிட்டத்தட்ட அளவு எடுக்க அது கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் அது அண்ணளவு, தேற்றம் அல்ல. இரண்டு உதாரணம் சரிவந்தால் விதி சரி என்று ஆகாது. ஒரே ஓர் உதாரணம் பிழைத்தால் விதி பிழை என்று ஆகிவிடும். கேத்திரகணிதத்தில் ஏன் ‘நிறுவுக’ என்று விடாமல் கேட்கிறார்கள் என்பதற்கு இதுவே பதில். தமிழில் கணிதத்துக்குப் பெருமை தேடுவதானால், வட்டுக்கோட்டை செமினரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இலேயே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதினார் என்பதை நினைக்கலாம். அந்தப் பெருமைக்குச் சோதனை தேவையில்லை.

பாதி உடைந்த கிணறு

ஊர் திரும்பியபோது கட்டு உடைந்து தூர்ந்துபோன கிணறுகளைக் கண்டோம். அப்படி ஒரு கிணற்றில் வட்டக் கட்டின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழைய அளவிலேயே திருப்பிக் கட்ட வேண்டும். மையம் எங்கே என்று தெரியாது. ஆரையை எப்படிக் காண்பது?

மிஞ்சிய துண்டின் உட்பக்கத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் நூலை இழுத்துப் பிடியுங்கள். அது நாண். அதன் நீளம் 2.4 மீற்றர் என்று வைப்போம். நூலின் நடுப்புள்ளியில் இருந்து செங்குத்தாகக் கட்டுவரை அளந்தால் 0.4 மீற்றர். இந்த இரண்டு அளவு போதும்.

பாடநூலில் உள்ள தேற்றம்: வட்டத்தின் மையத்தில் இருந்து நாணுக்கு வரையும் செங்குத்து அந்த நாணை இருகூறிடும். ஆகவே பாதி நாண் 1.2 மீற்றர். ஆரையை ‘ஆ’ என்போம். மையத்தில் இருந்து நாணுக்கு உள்ள தூரம் ஆ − 0.4. இப்போது ஒரு செங்கோண முக்கோணி கிடைக்கிறது. அதன் செம்பக்கம் ஆரை.

ஆ² = 1.2² + (ஆ − 0.4)²
ஆ² = 1.44 + ஆ² − 0.8ஆ + 0.16
0.8ஆ = 1.6
ஆ = 2

கிணற்றின் ஆரை 2 மீற்றர், விட்டம் 4 மீற்றர். இரண்டு பக்கத்திலும் இருந்த ஆ² வெட்டுப்பட்டுப் போனதைக் கவனியுங்கள். இருபடிச் சமன்பாடு என்று பயந்த ஒன்று சாதாரண சமன்பாடாக முடிந்தது. விடையைச் சரிபார்க்க முக்கோணியின் பக்கங்களை எழுதுங்கள்: 1.2, 1.6, 2. ஒவ்வொன்றையும் 0.4ஆல் வகுத்தால் 3, 4, 5. மேசனின் நூலே கிணற்றுக்குள்ளும் இருக்கிறது.

அளவு எடுக்காமல் வரைந்தும் மையத்தைக் காணலாம். இரண்டு நாண்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் கவராயத்தால் செங்குத்து இருகூறாக்கி அமைத்தால், இரண்டும் வெட்டும் புள்ளிதான் மையம். பரீட்சையின் அமைப்பு வினாவில் இதே வேலைதான் வரும். அங்கே கவராயத்தால் வரைந்த வில்களை அழிக்கக் கூடாது. நீங்கள் கண்ணால் பார்த்து ஊகிக்கவில்லை, அமைத்தீர்கள் என்பதற்கு அந்த வில்களே அத்தாட்சி.

கால் வைக்காமல் அளப்பது

மிதிவெடி அகற்றப்படாத காணிகளின் ஓரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்களில் எழுத்து படிக்கும் முன்னரே படித்த பாடம். கேத்திரகணிதம் தரும் ஒரு பெரிய வசதி, கால் வைக்க முடியாத இடத்தின் தூரத்தையும் இங்கே நின்றபடியே அளக்கலாம் என்பது. கரையில் நின்று கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தைக் கண்டதாகக் கிரேக்க அறிஞர் தேலிசைப் பற்றிச் சொல்வார்கள். ஆற்றின் அகலத்தையும் இப்படித்தான் எடுப்பார்கள்.

இதைச் செய்து பார்க்க ஆபத்தான காணி எதற்கும் அருகில் போக வேண்டாம். பள்ளிக்கூட மைதானமும் ஒரு வாய்க்காலும் போதும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மரம், ‘ம’. அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் நிற்கும் இடம் ‘க’. அங்கிருந்து கரையோரமாக, மரத்தைப் பார்க்கும் திசைக்குச் செங்கோணமாக 20 அடி நடந்து ஒரு தடி நடுங்கள். அது ‘ச’. அதே நேர்கோட்டில் இன்னும் 20 அடி நடந்து நில்லுங்கள். அது ‘த’. இப்போது வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிச் செங்கோணமாக நடவுங்கள். இடையிடையே திரும்பிப் பாருங்கள். தடியும் மரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அது ‘ந’.

‘த’வில் இருந்து ‘ந’ வரை நடந்த தூரம்தான் ‘க’வில் இருந்து மரம்வரை உள்ள தூரம். ஏன்? இங்கேதான் நிறுவல் வருகிறது. மகச, நதச என்ற இரண்டு முக்கோணிகளில்:

கோணம் மகச = கோணம் நதச (இரண்டும் செங்கோணம்)
கோணம் மசக = கோணம் நசத (குத்தெதிர்க் கோணங்கள்)
கச = தச (இரண்டும் 20 அடி)
ஆகவே இரண்டு முக்கோணிகளும் ஒருங்கிசைகின்றன (கோ.கோ.ப.)
ஆகவே மக = நத (ஒருங்கிசையும் முக்கோணிகளின் ஒத்த பக்கங்கள்)

ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு கூற்று, அடைப்புக்குறிக்குள் அதற்கான காரணம். பரீட்சையில் கேத்திரகணித வினாவுக்கு விடை எழுதும் முறையும் இதுதான். காரணம் எழுதாத கூற்றுக்கு முழுப் புள்ளி கிடைக்காது. முழு நிறுவலும் தெரியாவிட்டால்கூட, தெரிந்த கூற்றையும் காரணத்தையும் எழுதி வைத்தால் அந்தப் படிக்குரிய புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு. வெறுந்தாளாக விட்டுவிட்டு வருவதுதான் பெரிய பிழை.

நிறுவலில் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு மூன்று கேள்விகள் உதவும். என்ன தந்திருக்கிறார்கள்? அதைப் படத்தில் குறித்துவிட்டேனா? கேட்டதை அடைய எந்த இரண்டு முக்கோணிகளைப் பார்க்க வேண்டும்? சாதாரண தர நிறுவல்களில் பெரும்பாலானவை சரியான இரண்டு முக்கோணிகளைக் கண்டுபிடித்ததும் பாதி முடிந்துவிடும்.

70 புள்ளிகளின் கணக்கு

சித்தியைப் பற்றிய பயம் பல வீடுகளில் சித்தியின் அளவைத் தெரியாததால் வருகிறது. சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவது இரண்டு மணித்தியாலம். அதன் முதற் பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 50. இரண்டாம் பகுதியில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 50. இரண்டாவது வினாத்தாள் மூன்று மணித்தியாலம். இரண்டு பகுதியிலும் ஆறு ஆறு வினாக்களில் ஐந்து ஐந்துக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 100. இரண்டு தாளையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். 35 எடுத்தால் சாதாரண சித்தி, 50 எடுத்தால் திறமைச் சித்தி.

35 என்றால் 200க்கு 70. முதற் தாளின் 25 சிறு வினாக்களில் 20ஐச் சரியாகச் செய்தால் 40 புள்ளி வந்துவிட்டது. மிச்சம் 30. அதே தாளின் இரண்டாம் பகுதியில் 10, இரண்டாம் தாள் முழுவதிலும் 20 எடுத்தால் போதும். இருபடிச் சார்பின் வரைபு வினா ஒன்றும், பைதகரசோ அமைப்போ வரும் வினா ஒன்றும் நன்றாகப் பழகியிருந்தால் அந்த 20இல் பெரும் பகுதி அங்கேயே இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைக்கு முழுப் பாடநூலையும் கரைத்துக் குடிக்கச் சொல்வதை விட, இந்த 70ஐக் காட்டி வழி சொல்வது நல்லது. 70ஐத் தாண்டிய பிள்ளை அதன்பின் 100ஐத் தானே தேடும்.

சிறு வினாக்களுக்குக் கடந்தகால வினாத்தாள்களே சிறந்த பயிற்சி. நாளுக்கு ஐந்து வினா, ஐந்து நாளில் ஒரு தாள். பிழைத்ததை மட்டும் தனிக் கொப்பியில் எழுதி ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்ய வேண்டும். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலில் ஒவ்வொரு அலகிலும் செய்துகாட்டிய உதாரணங்கள் உண்டு. விடையைக் கையால் மூடிக்கொண்டு உதாரணத்தைத் தானே செய்து, பிறகு கையை எடுத்து ஒப்பிடுவது செலவில்லாத ரியூசன்.

தாய் தகப்பனுக்கும் இதில் வேலை உண்டு, கணக்குத் தெரியாவிட்டாலும். பிள்ளை ஒரு கணக்கைச் செய்து முடித்ததும், “எனக்கு விளங்கப்படுத்து, ஏன் இப்படி வந்தது?” என்று கேளுங்கள். விளங்கப்படுத்தத் தொடங்கும்போதுதான் தனக்கு விளங்காத இடம் பிள்ளைக்கே தெரியவரும். வேலி அளக்கும்போதும், நெல்லு மூட்டைக் கணக்குப் பார்க்கும்போதும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

போர்க்காலத்தில் பரீட்சையைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக வெளியில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். கணிதம் ஒன்றால் நின்றுபோனவர்கள் அந்தப் பாடத்துக்குத் திரும்பத் தோற்றலாம். பிள்ளையின் கொப்பியைப் பார்த்துப் படிக்கத் தொடங்கும் தாய்க்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கராயனில் இருந்து அதிக தூரமில்லாத அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இன்று இயங்குகிறது. மண்விசையியலில் உலகறிந்த பேராசிரியர் அ. துரைராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அப்படி ஒரு பீடம் வேண்டும் என்று முயன்றவர்களில் முக்கியமானவர். 1994இல் அவர் காலமானார். போர் முடிந்த பிறகே அந்தப் பீடம் கிளிநொச்சியில் அமைந்தது. அங்கே படிப்பவர்கள் நாடு முழுவதிலும் இருந்து வருகிறார்கள். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அந்த வாசலுக்குள் போவதற்கான முதற்படி, ப = அ(40 − 2அ) போன்ற ஒரு வரியைத் தானே எழுதி, அதன் அட்டவணையைத் தானே நிரப்பும் நாளில் தொடங்குகிறது. இன்று இரவு கொப்பியைத் திறந்து 40க்குப் பதிலாக 60 மீற்றர் வலை என்று வைத்து அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பாருங்கள். அகலம் 15, பரப்பு 450 என்று வந்தால் உங்கள் பிள்ளைக்கு இருபடிச் சார்பு விளங்கிவிட்டது.